வண்டி பழகுவோம், பதறாமல் பழகுவோம்



இந்த மாதப் பாடம் சேமிப்பைப் பற்றியதும் அல்ல, தவணையைப் பற்றியதும் அல்ல. ஆனால் இரண்டோடும் சம்பந்தப்பட்டது. முதன்முதலாக இருசக்கர வண்டி ஓட்டுகிற பெண்கள் எப்படிப் பழகணும் என்பதுதான் பாடம்.

இதை ஏன் எடுத்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். நம் கூட்டமைப்பில் ஒரு சகோதரி இருக்கிறார். பெயர் வேண்டாம். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர். காலையில் ஊருக்கு வரும் ஆலை வேனைத் தவறவிட்டால் அன்றைக்குச் சம்பளம் போச்சு. பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேனைப் பிடிக்க முடியவில்லை என்று குழுவில் கடன் கேட்டார். கொடுத்தோம். பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார். அவர் தம்பி இரண்டு நாள் சாயங்காலம் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் பையனை முன்னால் நிறுத்திக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். குறுக்கே ஆட்டுக் கூட்டம் வந்தது. பதற்றத்தில் பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதில் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டது.

பையனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்குக் கால் முறிந்தது. நான்கு மாதம் வேலை இல்லை. தவணையைக் குழுதான் கட்டியது. ஊன்றுகோலோடு கூட்டத்துக்கு வந்த அன்று அவர் சொன்னார்: "கடன் கொடுத்தீங்க, வண்டியும் வந்துச்சு. ஒரு மாசம் பொறுத்து, பழகிட்டு ரோட்டுக்குப் போன்னு ஒருத்தரும் சொல்லலையே அக்கா."

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. கோழி வளர்ப்புக் கடன் கொடுத்தால் கோழி வளர்க்கப் பயிற்சி கொடுக்கிறோம். தையல் மிஷினுக்குக் கடன் கொடுத்தால் தையல் வகுப்புக்கு அனுப்புகிறோம். உயிரோடு விளையாடுகிற வண்டிக்குக் கடன் கொடுத்தோம், பயிற்சி பற்றிப் பேசவே இல்லை. தப்பு நம்முடையது. அந்தத் தப்பைத் திருத்தத்தான் இந்தப் பாடம். படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சைக்கிளில் தொடங்கிய கதை

"பொம்பளைக்கு வண்டி எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் புதுக்கோட்டையில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்டக் கலெக்டர். எழுத்துக் கற்றுக் கொடுக்கிற இயக்கம், கூடவே சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. வயல் வேலை செய்கிறவர்கள், கல்குவாரியில் கல் உடைக்கிறவர்கள், நர்சுகள், ஆசிரியைகள் எல்லோரும் பழகினார்கள். ஊரார் கேலி பேசினார்கள். கொஞ்ச நாளில் கேலி ஓய்ந்தது, சைக்கிள் நின்றது. பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது. யாரையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர முடிந்தது.

சைக்கிளுக்கு அடுத்து மொபெட்டும் ஸ்கூட்டரும் வந்தன. 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழக அரசு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். அந்தத் திட்டம் பின்னர் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மானியம் வேண்டுமென்றால் ஓட்டுநர் உரிமம் காட்டணும். அதாவது முதலில் லைசென்ஸ், பிறகுதான் வண்டி. நாம் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. பஸ் வசதி இருக்கிறவர்கள் கடன் வாங்கி வண்டி வாங்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பஸ் வராத ஊரும், பஸ் வராத நேரமும் உள்ளவர்களுக்குத்தான் வண்டி அவசியம்.

பாடம் 1: வண்டிக்கு முன்னால் காகிதம்

முதலில் எல்.எல்.ஆர். எடுக்கணும். 18 வயது நிறைந்திருக்கணும். 16 வயதில் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது 50 சி.சி.க்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். இப்போது கடையில் விற்கிற பெட்ரோல் ஸ்கூட்டரும் மொபெட்டும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. அதனால் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீங்க. 2019ல் திருத்திய சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு, அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். அந்த 30 நாளை வீணான காத்திருப்பு என்று நினைக்காதீங்க, அது பழகுவதற்கான காலம். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டணும். சொல்லிக் கொடுக்கிறவரைத் தவிர வேறு யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது. பெற்ற பிள்ளையையும் ஏற்றக் கூடாது.

லைசென்ஸில் இரண்டு வகை உண்டு: கியர் இல்லாதது, கியர் உள்ளது. ஸ்கூட்டர் ஓட்டி 8 போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவர், வீட்டுக்காரரின் கியர் பைக்கை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அதற்கு லைசென்ஸ் வேறு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். நம் பெண்கள் பலர் செய்கிற தப்பு இது. கடன் இவர் பெயரில், தவணை இவர் கட்டுகிறார், ஓட்டுவதும் இவர்தான். ஆனால் ஆர்.சி. மட்டும் வீட்டுக்காரர் பெயரில், அல்லது பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். வண்டிக்கு இன்சூரன்ஸ் போடும்போது சொந்தக்காரருக்கான விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு, 15 லட்சம் ரூபாய். அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், செல்லத்தக்க லைசென்ஸோடு ஓட்டும்போதுதான் கிடைக்கும். பெயரும் இல்லை, லைசென்ஸும் இல்லை என்றால் அந்தப் பணம் நமக்கு இல்லை. அதோடு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி அடுத்தவரைக் காயப்படுத்திவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை வண்டிச் சொந்தக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். வீடு வாசல் போகிற விஷயம் இது.

2018 செப்டம்பர் முதல் புது வண்டி வாங்கும்போதே 5 ஆண்டுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் போட்டுவிடுகிறார்கள். நமக்கான விபத்துக் காப்பீடு பெரும்பாலும் 1 ஆண்டுக்குத்தான் இருக்கும். பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள். குழுவின் கடன் பதிவேட்டில் அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள்.

பாடம் 2: தலையும் உடையும்

ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும் வேணும், பின்னால் உட்காருகிறவருக்கும் வேணும். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் போலீசுக்காகப் போடுவதா ஹெல்மெட்? பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008ல் வெளியான தொகுப்பு ஒன்று, ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும், சாவு சுமார் 42 சதவீதமும் குறைகிறது என்று சொல்கிறது. கை ஒடிந்தால் கட்டுப் போடலாம். தலை உடைந்தால் என்ன செய்ய?

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்தான் வாங்கணும். ரோட்டோரத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் சட்டி வேண்டாம். தலையில் போட்டு இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அளவு பெரிது. தாடை வாரைக் கட்டியபின் ஒரு விரல், இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் போதும். வாரைக் கட்டாமல் போட்ட ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் பறந்து போகும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தாதீங்க.

நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு: கொண்டை. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. பின்னலாக, கழுத்தோரம் தாழ்த்திப் போடுங்க. பூவை ஆபீசிலோ கோயிலிலோ போய் வைத்துக்கொள்ளலாம்.

சேலை கட்டி வண்டி ஓட்டலாம், தப்பில்லை. முந்தானையைச் சுற்றி இடுப்பில் இறுக்கிச் செருகணும். காட்டு வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஒரு சட்டை போடுகிறோமே, அதையே வண்டிக்கும் போடுங்க. முந்தானை பறக்காது, வெயிலும் படாது. சுடிதார் போடுகிற பிள்ளைகள் துப்பட்டாவை முன்னால் தொங்கவிடாமல் முதுகுப் பக்கம் முடிச்சுப் போடணும். காலுக்குப் பின்வார் வைத்த செருப்பு அல்லது ஷூ. ரப்பர் செருப்பு வேண்டாம்.

பின்னால் ஒருக்களித்து உட்காருகிறவர்களுக்குச் சேலை சக்கரத்தில் சிக்குவதுதான் பெரிய ஆபத்து. அதற்காகவே பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, கால் வைக்கும் இடம் மூன்றும் வேணும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. பழைய வண்டி வாங்கும்போது அந்தத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அழகு கெடுகிறது என்று சிலர் கழற்றி வைத்திருப்பார்கள். முடிந்தால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள், அதுதான் பத்திரம்.

பாடம் 3: மைதானத்தில் முதல் வாரம்

முதல் வாரம் ரோடே வேண்டாம். பள்ளிக்கூட மைதானம், அறுவடை முடிந்த களம், ஆள் நடமாட்டம் இல்லாத இடம் போதும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீங்க.

முதல் நாள்: என்ஜினை ஓடவிடாமல் வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடங்க. ஸ்டாண்டைப் போடுங்க, எடுங்க. வண்டியின் எடை கைக்குத் தெரியணும். உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் நன்றாகப் படணும். எட்டாத உயரத்து வண்டியில் பழகாதீங்க.

இரண்டாம் நாள்: பின்னால் ஒருவர் மெதுவாகத் தள்ள, என்ஜின் ஓடாமலேயே பிரேக் பிடித்து நிறுத்திப் பழகுங்க. ஓட்டுவதற்கு முன்னால் நிறுத்தக் கற்றுக்கொள்ளணும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: என்ஜினை ஓடவிட்டு, நடக்கிற வேகத்தில் நேராகப் போங்க. பத்தடி போய் நிறுத்துங்க. ஐம்பது தடவை செய்யுங்க. சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சகோதரிக்கு இந்த ஐம்பது தடவை கிடைத்திருந்தால் அன்றைக்கு அவர் கை பிரேக்கைத் தேடியிருக்கும்.

நான்காம் நாளிலிருந்து: வளைவு, வட்டம், பிறகு 8. வளையும்போது முன்சக்கரத்தைப் பார்க்காதீங்க. போக வேண்டிய இடத்தைப் பாருங்க. கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். குழியையே பார்த்துக்கொண்டு போனால் குழிக்குள்தான் இறங்கும்.

ஆக்ஸிலேட்டர் பற்றி ஒரு முக்கிய விஷயம். வண்டி குலுங்கும்போதும் விழப்போகும்போதும் நாம் கைப்பிடியை இறுக்குகிறோம், உடம்பு பின்னால் சாய்கிறது, வலது கை தானாக முறுக்கிவிடுகிறது. வண்டி இன்னும் பாய்கிறது. பதற்றத்தில் யார் கைக்கும் இப்படி நடக்கும். இதற்கு வழி: மணிக்கட்டைத் தாழ்த்திக் கொக்கி போலப் பிடிக்காதீங்க. கையை நேராக வைத்து லேசாகப் பிடிங்க. பழகும் காலத்தில் வலது கையின் இரண்டு விரல் எப்போதும் பிரேக் லிவர் மேல் இருக்கட்டும். விரல் பிரேக்கில் இருந்தால் முழுசாக முறுக்க வராது. வண்டியைத் தள்ளும்போதும் திருப்பும்போதும் என்ஜினை நிறுத்திவிடுங்க.

பாடம் 4: எந்தக் கையில் எந்தப் பிரேக்?

கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் மொபெட்டிலும் இரண்டு கையிலும் பிரேக். வலது கை முன்சக்கரம், இடது கை பின்சக்கரம். 2019 ஏப்ரல் முதல் விற்கிற 125 சி.சி. வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற அமைப்பு இருக்கும். பழைய வண்டியில் அது இருக்காது, நாம்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கணும்.

கியர் பைக்கில் இது மாறிவிடும். அதில் இடது கையில் இருப்பது கிளட்ச். இடது காலில் கியர், வலது காலில் பின்பிரேக். ஸ்கூட்டர் பழகியவர் அவசரத்துக்குக் கியர் பைக்கை எடுத்தால், ஆபத்து வந்த நொடியில் இடது கை பிரேக் என்று நினைத்துக் கிளட்சைப் பிடிக்கும். வண்டி நிற்காது, இழுவை மட்டும் விட்டுப்போய் உருண்டுகொண்டே இருக்கும். அதனால் கியர் பைக் வேணும் என்றால் அதையும் முதல் பாடத்திலிருந்து தனியாகப் பழகுங்க.

"முன்பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துருவ" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அது பாதி உண்மைதான். நிறுத்துகிற சக்தி அதிகம் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் போகிறது. வெடுக்கென்று பிடித்தால்தான் வழுக்கும். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெதுவாகத் தொடங்கி இறுக்கணும். மணலிலும் ஈரத்திலும் வளைவிலும் முன்பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீங்க. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்க.

வேகக் கணக்கு ஒன்று பார்ப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். ஆட்டைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போவதற்கே சுமார் ஒரு நொடி ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பிக்கும். காய்ந்த ரோட்டில் மொத்தம் ஏறத்தாழ 23 மீட்டர் வேணும், கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் சுமார் 45 மீட்டர், நான்கு பஸ் நீளம். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, நிற்கிற தூரம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. முதல் ஆறு மாதம் 40ஐத் தாண்ட வேண்டாம்.

பாடம் 5: நம்ம ஊர் ரோடு

நம் மாவட்டத்து ரோட்டுக்கென்று சில குணங்கள் உண்டு. புத்தகத்தில் இருக்காது.

கரிசல் மண்: காய்ந்தால் கல், நனைந்தால் எண்ணெய். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிப்பாதையில் ஓட்டாதீங்க. இறங்கித் தள்ளுங்க. வயல் டிராக்டர் ரோட்டில் விட்டுப்போன கரிசல் சேறும் அதே மாதிரி வழுக்கும்.

ரோட்டில் காயும் தானியம்: சோளக் கதிர், கம்பு, உளுந்துச் செடி எல்லாவற்றையும் ரோட்டிலேயே பரப்புகிறோம். அதன்மேல் வண்டி போனால் சக்கரம் தரையைத் தொடாது. பிரேக் பிடிக்காமல், திருப்பாமல் மெதுவாக நேராகக் கடந்து போகணும். பரப்புகிறவர்களும் நம் அக்கா தங்கச்சிகள்தான். ரோட்டை விட்டுக் களத்தில் காயப்போடச் சொல்லுங்க.

கருவேல மரம்: கண்மாய்க் கரை வளைவில் சீமைக் கருவேலம் மறைத்து, எதிரே வருவது தெரியாது. ஹாரன் அடித்து, இடது ஓரமாக, மெதுவாகத் திரும்புங்க. முள் குத்தும், அதனால் டயரில் காற்றை அடிக்கடி பாருங்க.

ஆலை வேனும் லாரியும்: காலையிலும் சாயங்காலம் வேலை விடும்போதும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ரோடுகளில் ஆலை வண்டிகள் ஒன்றையொன்று முந்தும். பெரிய வண்டியின் டிரைவருக்குத் தன் இடப்பக்கத்தில் ஒட்டி வருகிற சின்ன வண்டி தெரியாது. அவருடைய பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அவர் திரும்பும்போது இடைவெளியில் நுழையாதீங்க. பின்னாலேயே நில்லுங்க.

நான்குவழிச் சாலை: மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகிற தேசிய நெடுஞ்சாலை 44ல் மூன்று மாதத்துக்குப் பழகுகிறவர்கள் ஏறவே வேண்டாம். நடுத்தடுப்பு இடைவெளி தூரம் என்று எதிர்த்திசையில் போகிறவர்களைப் பார்க்கிறோம். இரண்டு கிலோமீட்டர் சுற்றினால் கொஞ்சம் பெட்ரோல்தான் செலவு.

ரயில்வே கேட்: தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் மாட்டும். நேராகக் கடங்க.

ஆடி மாதம்: இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ராத்திரியில் ரோட்டோரம் நடந்து போகிறவர்கள் நிறையப் பேர். இருட்டில் மஞ்சள் சேலை கண்ணுக்குப் படாது. வேகத்தைப் பாதியாகக் குறைங்க.

பாடம் 6: பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு

இது நம் ஊருக்கு மட்டுமான பாடம். கவனமாகக் கேளுங்க.

மருந்தோ, திரியோ, பாதி முடிந்த சரமோ எதையும் வண்டியில் கொண்டு போகாதீங்க. சீட்டுக்கு அடியிலும் வேண்டாம், முன்னால் பையிலும் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுத்தால் கூடுதல் காசு என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க், பக்கத்தில் சூடான சைலன்ஸர், மேடு பள்ளத்தில் உராய்வு. இதற்கு நடுவில் மருந்து இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வேலை முடிந்ததும் கை கால் கழுவி, மருந்து படிந்த உடையை மாற்றிவிட்டு வண்டியில் ஏறுங்க. அவசரம் என்று மணி மருந்துத் தூசி படிந்த சேலையோடு சைலன்ஸர் பக்கத்தில் உட்காராதீங்க. ஆலையில் வண்டி நிறுத்த ஒதுக்கிய இடத்தில்தான் நிறுத்தணும். அறைகள் பக்கம் வண்டியைக் கொண்டு போகக் கூடாது.

தீபாவளி நெருங்கும் மாதங்களில் வேலை கூடும், உடம்பு அசந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதீங்க. அன்றைக்கு மட்டும் வேனில் போங்க. ஒரு நாள் வண்டி ஆலையிலேயே நின்றால் குறைந்து போகாது.

பாடம் 7: பிள்ளைகளை ஏற்றும்போது

லைசென்ஸ் வாங்கி, மூன்று மாதமாவது தனியாக ஓட்டிய பிறகுதான் பிள்ளைகளை ஏற்றணும். முன்னால் நிற்க வைக்காதீங்க. பிரேக் பிடித்தால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளையின் முகம்தான். அதோடு, நின்றுகொண்டு வருகிற பிள்ளை விளையாட்டாக ஆக்ஸிலேட்டரைப் பிடித்துத் திருப்பிவிடும். 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும், பிள்ளைக்கு அளவான ஹெல்மெட்டும் வேணும். வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. 4 வயதுக்கு மேல் ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயம். மூன்று பேர் போவது பழக்கமாகிவிட்டது நமக்கு. வண்டி இரண்டு பேருக்குத்தான் செய்தது.

பாடம் 8: விழுந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் விழலாம். வேறு யாராவது விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம். முதலில் வண்டி சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தணும். 108க்குப் போன் செய்யணும். மயங்கிக் கிடப்பவரின் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீங்க, கழுத்து எலும்புக்கு ஆபத்து. தண்ணீர் கொடுக்காதீங்க. இரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடிங்க.

"போலீஸ் கேஸ் ஆயிரும், நமக்கெதுக்கு" என்று ஒதுங்க வேண்டாம். விபத்தில் உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. பெயரைச் சொல்லும்படிக்கூட கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் கட்டணமில்லாமல் கிடைக்க இது வழி செய்தது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நாம் எடுத்த முடிவு

அந்தச் சகோதரி வந்த கூட்டத்திலேயே மூன்று தீர்மானம் போட்டோம். ஒன்று, வண்டிக் கடன் மனுவோடு எல்.எல்.ஆர். நகல் இருக்கணும், கடன் தொகை லைசென்ஸ் வந்த பிறகுதான். இரண்டு, கடன் தொகையிலேயே ஹெல்மெட் இரண்டு, இன்சூரன்ஸ், பெயர் மாற்றச் செலவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடணும். மூன்று, ஓட்டத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் ஓட்டத் தெரியாத ஒருவருக்கு 30 நாள் துணை நிற்கணும்.

மூன்றாவது தீர்மானத்தைக் கேட்டு ஒரு பெரியம்மா சிரித்தார். "அப்ப கையெழுத்துப் போடக் கத்துக் கொடுத்தீங்க, இப்ப வண்டியா?" ஆமாம் பெரியம்மா. கையெழுத்துப் போடும்போதும் முதல் நாள் கை நடுங்கியது. பழகப் பழக நின்றது. பதறாத காரியம் சிதறாது.

அந்தச் சகோதரிக்கு இப்போது கால் தேறிவிட்டது. மறுபடி முதல் நாள் பாடத்திலிருந்து, என்ஜினை ஓடவிடாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருகிறார். பையன் ஓரத்தில் உட்கார்ந்து எத்தனை சுற்று என்று எண்ணுகிறான்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் எத்தனை பேர் வண்டி ஓட்டுகிறோம்? அதில் லைசென்ஸ் உள்ளவர் எத்தனை பேர்?

2. எத்தனை வண்டிக்கு ஆர்.சி. ஓட்டுகிற பெண்ணின் பெயரில் இருக்கிறது? இன்சூரன்ஸ் தேதி எப்போது முடிகிறது?

3. நம் ஊரில் பழகுவதற்கு ஏற்ற மைதானம் எது? யாரிடம் அனுமதி கேட்கணும்?

4. ஊர் எல்லையில் வளைவை மறைக்கும் கருவேலத்தை வெட்டவும், எரியாத தெருவிளக்கைச் சரி செய்யவும் கிராம சபையில் யார் பேசப் போகிறார்கள்?

5. இந்த மாதம் யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம்? பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.